காலியாக விட்டிருந்த சொல்

அந்த அகராதியில் ஒரு சொல்லுக்கு இடம் இருந்தது, சொல் இல்லை.

அனுசுயா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். பொருள் எழுதும் கட்டத்தில் பொருள் ஒழுங்காக இருந்தது: வெளியில் நிற்பவரை வீட்டுக்குள் அழைக்கச் சொல்வது. அதற்குப் பக்கத்தில் சொல் வர வேண்டிய கட்டம் வெறுமையாகக் கிடந்தது. உச்சரிப்பு ஆடியோவும் இல்லை. மார்கழி மத்தியானம். காற்றழுத்தமாம், இரண்டு நாளாக மழை விடவில்லை. மேலூர் ரோட்டில் அந்தப் பழைய அடுக்குமாடிக் கட்டிடத்தின் முதல் மாடி வீட்டில் பகலிலேயே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வெளிநாட்டுப் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் பக்கம் பக்கமாக அமைத்துக் கொடுக்கிற சின்னக் கம்பெனி ஒன்று திருச்சியில் இருக்கிறது. அதில்தான் அவளுக்கு வேலை. டச்சு, ஃபின்னிஷ் என்று என்ன வந்தாலும் ஒரு எழுத்துப் புரியாமலே ஒரு எழுத்துப் பிசகாமல் அமைத்துத் தருவார்கள். புருஷனுக்குப் பக்கவாதம் வந்த பிறகு, கம்பெனி நடத்தும் ரஞ்சித் அவளை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டான். அவளைவிடச் சின்னவன், நல்ல மாதிரி. இந்த வேலையைக் கொடுக்கும்போதே அவனுக்குச் சிரிப்பு.

"இது ஒரு தமாஷான புக்குக்கா. ஐரோப்பாவுல ஏதோ மலையூர்ல ஒரு பெரிசு, தனியா உட்கார்ந்து ஒரு பாஷையையே உண்டாக்கி வச்சிருக்காரு. பாஷைக்கு ஓல்ஷான்னு பேரு. இலக்கணம், அகராதி எல்லாம் ஒரே புக்கு, விளக்கம் இங்கிலீஷ்ல. வெப்சைட்டும் வேணுமாம். வார்த்தையைத் தட்டினா அவரே சொல்லுவாரு."

"யாரு பேசற பாஷை இது?"

"யாரும் இல்லக்கா. அதான் தமாஷு."

அக்கம்பக்கத்து மொழி எதனோடும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று கிழவர் முன்னுரையில் பெருமையாக எழுதியிருந்தார். அந்த மொழியில் நான், நீ, அவன் என்பதோடு, வெளியில் நிற்பவருக்கென்று தனியாக ஒரு இடம் வைத்திருந்தார். எந்த வினைச்சொல்லாக இருந்தாலும், சொல்வது வெளியில் நிற்பவருக்குக் கேட்குமா கேட்காதா என்பதை அதன் கடைசியில் ஒட்டிக் காட்டியாக வேண்டும். ரொட்டி வெந்துவிட்டது, வெளியில் கேட்காது. குழந்தை அழுகிறது, வெளியில் கேட்கிறது. எடுத்துக்காட்டு வாக்கியம் எல்லாமே இப்படித்தான். நிற்பதற்கு மட்டும் ஒரு பக்கம் முழுக்கச் சொற்கள் இருந்தன: பனியில் நிற்பது, பெயர் சொல்லாமல் நிற்பது, கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பது. போ என்று விரட்டுவதற்கும் குறைவில்லை. அதில் ஒன்று அவளுக்கு மனதில் நின்றுவிட்டது. ஹவ்ரே. முன்பு வீட்டில் இருந்தவரைப் போகச் சொல்வது என்று அதற்குப் பொருள் போட்டிருந்தார்.

வா என்று சொல்லத்தான் ஒன்றும் இல்லை. என்ன பாஷையோ என்று அனுசுயாவுக்கு அலுப்பாக வந்தது. வாசலுக்கு வந்தவரை வா என்று சொல்லாத வீட்டை அவள் பிறந்த தொட்டியத்தில் வீடாகவே மதிக்கமாட்டார்கள். புருஷன் கலையரசனின் அக்கா வீட்டோடு வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லை. ஏதோ பெரிய சண்டை என்று நினைக்க வேண்டாம். அவர்கள் வீட்டுக் காதுகுத்துக்குப் போனபோது வான்னு ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கலையரசனிடம் மிச்சமிருந்த ஒரே சொல்லும் அதுதான்.

பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் நின்று, வாங்கம்மா வாங்க, வாங்கண்ணே வாங்க என்று கூப்பிடுவதுதான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவன் பார்த்த வேலை. போன வருஷம் ஆவணியில் பக்கவாதம் வந்து வலது கையையும் வலது காலையும் பேச்சையும் கொண்டுபோனபோது இந்த ஒன்றை மட்டும் எப்படியோ விட்டுவிட்டுப் போயிற்று. வாய்க்குப் பழகிய சொல் சில பேருக்கு அப்படி நிற்கும் என்றார் டாக்டர். தண்ணீர் வேண்டுமென்றாலும் வாங்க, வலித்தாலும் வாங்க, டிவியை அணைக்கச் சொன்னாலும் வாங்க. ஆரம்பத்தில் குழம்பினாள், பிறகு காது பழகிவிட்டது. கடைவாசலில் சொன்னது மாதிரி இரண்டு தடவை பளிச்சென்று சொன்னால் சந்தோஷமாக இருக்கிறான். தாகத்துக்குச் சொல்வது இழுத்துக்கொண்டே போகும். வலிக்குச் சொல்வது முதல் எழுத்தோடு அறுந்துவிடும். இன்னொன்றும் உண்டு. ஆஸ்பத்திரியில் முதல் தடவை கண் விழித்தபோது இடது கையால் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குள்ளேயே சொன்னது. அது பயம். அதற்குப் பிறகு அதை அவள் கேட்டதில்லை.

பிள்ளைகள் இல்லாத வீடு. துடைக்க, திருப்பிப் படுக்கவைக்க, ஊட்ட, அலச, எல்லாம் அவள்தான். நகம் வெட்டும்போது கண் செருகி, போன வாரம் அவன் வலது கால் கட்டைவிரலில் வெட்டிவிட்டாள். ரத்தம் வந்தும் அவனுக்குத் தெரியவில்லை. பிளாஸ்டரை ஒட்டிவிட்டு அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகை முடிவதற்குள் தூக்கம் வந்துவிட்டது. அப்படி ஒரு அசதி அவளுக்கு.

இந்த மாதங்களில் கிழவரின் குரல் வீட்டில் மூன்றாவது ஆள் மாதிரி ஆகியிருந்தது. ஒவ்வொரு சொல்லின் ஆடியோவையும் கேட்டுச் சரிபார்த்து, இருமலை வெட்டி ஏற்ற வேண்டும். ஹெட்போன் பழுதாகிவிட்டதால் ஸ்பீக்கரில்தான் கேட்டாள். எச்சில் விழுங்கும் சத்தம், நாற்காலி கிறீச்சிடுவது, வறட்டுக் குரலில் ஒரு சொல், பிறகு அமைதி. அந்த அமைதிக்குப் பின்னால், சத்தத்தைக் கூட்டி வைத்தால், நனைந்த காலணியோடு யாரோ ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நிற்பது மாதிரி கேட்கும். தனியாக இருக்கிற மனுஷன் என்றல்லவா ரஞ்சித் சொன்னான் என்று நினைத்துக்கொண்டே அதையும் வெட்டிவிடுவாள். கலையரசன் கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பான். அவனுடைய பார்வை எப்போதும் வாசல்கதவின் மேல்தான், பழைய வேலை ஞாபகம்.

இப்போது திரையில் அந்தக் காலிக் கட்டம் சிவப்பாக மின்னியது. சொல்லும் ஆடியோவும் இல்லாமல் பக்கம் முடியாது என்று சாஃப்ட்வேர் அடம்பிடித்தது. இதற்குக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. விடுபட்ட இடத்தில் வாய்க்கு வந்த ஒரு சொல்லைப் போட்டு நிரப்பிப் பக்கத்தை முடித்துவிட்டு, சரியானது வந்ததும் மாற்றிவிடுவார்கள். அப்படிப் போட்ட பரோட்டா ஒன்று மாற்ற மறந்துபோய், டச்சுக்காரர்களின் எலும்பு மருத்துவப் புத்தகத்தில் அச்சாகியே வந்துவிட்டது. இன்னமும் சொல்லிச் சிரிப்பார்கள்.

"வாங்க," என்றான் கலையரசன் கட்டிலில் இருந்து. இழுவை. தாகம்.

"வரேங்க, ஒரு நிமிஷம்."

யோசிக்கவே இல்லை. வாங்க என்று ஆங்கில எழுத்தில் அடித்தாள். ஆடியோவுக்கு, டாக்டரிடம் காட்டுவதற்காகப் போனில் பதிந்து வைத்திருந்த அவன் குரல் இருந்தது. கடைவாசல் வாங்க, பளிச்சென்று. அதை ஏற்றினாள். சிவப்பு அணைந்தது. ரஞ்சித்திடம் கேட்டு நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று எழுந்து போய்த் தண்ணீர் கொடுத்தாள். படுக்கை நனைந்திருந்தது. மாற்றி, ராத்திரிச் சாப்பாடும் ஊட்டிவிட்டு வந்து மேஜையிலேயே தலையை வைத்தவள் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. அதற்குள் ரஞ்சித் ஃபைலை எடுத்து அனுப்பி, வெப்சைட்டிலும் போட்டுவிட்டிருந்தான். சூப்பர்க்கா என்று ஒரு மெசேஜ்.

அன்று காலையில் கலையரசன் வாங்க என்று சொல்லவில்லை.

காபி டம்ளரோடு போய், "என்னங்க," என்றாள். அவன் அவளைப் பார்த்தான். வாய் அசையவில்லை. காபியை ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தான். மற்ற நாளில் பாதி கழுத்தில் வழியும். பிசியோதெரபிஸ்ட் வந்து கையையும் காலையும் மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"பேசாம இருக்காரா? சில நாள் அப்படி இருப்பாங்க, பயப்படாதீங்க. வலது கை அப்படியேதாங்க இருக்கு. என்ன, இவ்ளோ சில்லுன்னு இருக்கு? மழைக்கு நல்லா போர்த்திவிடுங்க."

அவளும் போர்த்திவிட்டாள். உண்மையைச் சொன்னால் அன்று அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. சமையலை முடித்து, சூடாகச் சாப்பிட்டு, இரவு ஒரே தூக்கமாகத் தூங்கினாள். விழித்ததும் அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாக இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவன் கண்கள் திறந்திருந்தன. வாசலைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுக்களைக்குப் போனாள், அடுக்களையைப் பார்த்தான். குளியலறைக் கதவைத் திறந்து வெளியே வந்தபோது அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். படுக்கை மறுபடி ஈரமாக இருந்தது. ஆனால் மூத்திர நெடி இல்லை. நாள்பட்ட ஃப்ரீசரைத் திறந்தால் வருமே ஒரு வாசனை, அதுவும் நனைந்த கம்பளியும் சேர்ந்த மாதிரி இருந்தது.

மறுநாள் வைகுண்ட ஏகாதசி. முதல் நாளே ஊர் பிதுங்கியது. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்த பஸ் எல்லாம் கோயில் ராஜகோபுரத்துக்கு வெகுதூரம் முன்பே நின்றுவிட, வெளியூர்க்காரர்கள் மூட்டை முடிச்சோடு கண்ட கட்டிடத்திலும் மழைக்கு ஒதுங்கினார்கள். படிக்கட்டில் ஈரக்கால் தடங்கள் இருந்ததை அனுசுயா கவனித்தாள். கோயிலுக்கு வந்த ஜனம் என்று நினைத்துக்கொண்டாள். காலணித் தடங்கள் அவை. ஏகாதசிக்கு வருகிறவர்கள் காலணி போட்டுக்கொண்டு இவ்வளவு பேர் மேலே எதற்கு ஏறுகிறார்கள் என்று தோன்றவில்லை. கதவை வெளியே பூட்டிவிட்டு மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பியபோது கீழ்வீட்டுச் செல்வமேரி எதிரே வந்தாள், சிரித்த முகமாக.

"அனு, அண்ணன் நல்லா தேறிட்டாரு போல! சொல்லவே இல்லையே நீ."

"என்ன சொல்ற?"

"இப்பத்தான், கொஞ்சம் முன்னாடி, மாடிப்படியில வாங்க வாங்கன்னு கூப்பிட்டாரே. கையில தண்ணிக் குடம், அதான் மேல வரல. நாற்காலி போட்டு வெளிய உட்கார வச்சியா?"

அனுசுயா படியேறி ஓடினாள். பூட்டு போட்டபடி இருந்தது. உள்ளே கட்டிலில் கலையரசன், போர்வை கழுத்துவரை, அவள் விட்டுவிட்டுப் போன மாதிரியே. கதவு திறந்ததும் அவன் கண்கள் அவள் மேல் வந்து நின்றன. மேஜையில் லேப்டாப் திறந்திருந்தது. ஓ, இதுதானா என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஓல்ஷாவின் பக்கத்தை மூடாமல் போயிருக்கிறாள், அது பாட்டுக்கு அவன் குரலைப் போட்டிருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே அதை எத்தனை தடவை கேட்டிருக்கிறார்கள் என்று காட்டும் சின்ன எண் உண்டு. எல்லாச் சொல்லுக்கும் கீழே பூஜ்யம். வாங்க என்பதற்குக் கீழே மட்டும் பெரிய எண். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஏறியது. நின்றது. மறுபடி ஏறியது.

ரஞ்சித்துக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நானே பேசணும்னு இருந்தேன். அந்த ஒரு இடம் காலியாவே இருக்கணும்னு பெரிசு முதல்லயே மெயில் போட்டிருந்திருக்காரு. நான்தான் உங்களுக்குச் சொல்ல மறந்துட்டேன். ஏதாவது போட்டு நிரப்பிட்டீங்களா?"

"எங்க வீட்டுக்காரர் குரலைப் போட்டேன் தம்பி. வாங்கன்னு."

அவன் சிரித்தான். "சரி விடுங்க. பரோட்டாவுக்கு இது தேவல."

"தம்பி, அதை உடனே எடுத்துடுங்க. யாரோ கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"யாருக்கா கேப்பா? வெப்சைட் இருக்கறதே நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். ஏதாவது ரோபோவா இருக்கும். நாளைக்கு லீவு, மறுநாள் முதல் வேலையா எடுத்துடறேன். பெரிசுக்கும் மெயில் போட்டேன், பதிலே காணோம்."

"அவர் பேசறதே இல்ல தம்பி. இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். அதையும் நான் எடுத்துக் குடுத்துட்டேன்."

இதைச் சொன்னபோதுதான் அழுகை வந்தது.  தூங்குங்கக்கா, ரொம்ப அசந்திருக்கீங்க என்றான் ரஞ்சித். அதுவும் உண்மைதான். லேப்டாப்பை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, பீரோவுக்குள் துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

ஏகாதசியன்று சாயங்காலம் கட்டிடத்தில் யாரும் இல்லை. மேல்மாடிக்காரர்கள் கோயிலுக்குப் போயிருந்தார்கள். செல்வமேரி கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்கு சர்ச்சுக்குப் போய்விட்டாள். தூரத்தில் கோயில் ஒலிபெருக்கி மழைக்குள் கரைந்து கரைந்து வந்தது. வாசல்கதவை வெறுமனே சாத்தி, தாழ்ப்பாள் போடாமல் விட்டு, அனுசுயா சாமிக்கு விளக்கேற்றினாள். தீக்குச்சி மருந்தின் வாசனையை மூடிக்கொண்டு அந்தக் கம்பளி வாசனை வந்தது. கலையரசன் கட்டிலில் இருந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்காமலே அது அவளுக்குத் தெரிந்தது.

கரண்ட் போயிற்று.

ஃபேன் சுழற்சி மெல்ல மெல்லக் குறைந்து ஒரு கிறீச்சோடு நின்றது. ஃப்ரிட்ஜின் முனகல் நின்றது. ஒலிபெருக்கி நின்றது. மழை மட்டும் இருந்தது, மழைக்குக் கீழே இன்னொரு சத்தமும், படியில், ஒரு கால் ஊன்றி ஒரு கால் இழுபடுகிற சத்தம். மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்கியது. கடைசிப் படி. கதவுக்கு வெளியே நின்றுவிட்டது.

"வாங்க. வாங்க."

பளிச்சென்று. கடைவாசல் குரல். கலையரசனின் குரல்.

ஓடிப்போய் மேல் தாழ்ப்பாளைப் போட்டாள். கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள். திரும்பிய வேகத்தில் முந்தானை தட்டி விளக்கு விழுந்து அணைந்தது. எண்ணெய் காலில் ஓடியது. இருட்டில் கட்டிலைத் தேடிப்போய், தினமும் கை கால் பிடித்துவிட உட்காரும் ஸ்டூலில், அவன் வலப்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பழக்கத்தில் அவன் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். ஐஸ் மாதிரி இருந்தது. செத்த கைதான், ஆனாலும் அவன் கை.

"பயப்படாதீங்க," என்றாள். "கதவைப் போட்டுட்டேன். யாரும் உள்ள வர முடியாது."

 கதவில் ஏதோ மெத்தென்று பட்டது. யாரோ நெற்றியை வைத்துக்கொண்டார்கள்.

"வாஆஆங்க."

இழுவை.

அனுசுயா மூச்சை நிறுத்தினாள். தாகத்துக்குச் சொல்வது அது. அதை அவள் பதிவு செய்ததில்லை. அகராதியில் இல்லை. போனில் இல்லை. அவளைத் தவிர யாரும் அதைத் தாகம் என்று கேட்டதும் இல்லை.

"வா—"

அறுந்தது. வலி.

எப்போதிலிருந்து வெளியில் நிற்கிறான்? நேற்றே அல்லவா படுக்கையில் அந்த வாசனை வந்தது. முந்தாநாளே அல்லவா காபி சிந்தவில்லை. மூன்று நாளாக மழையில், படிக்கட்டில், அந்தக் காலை வைத்துக்கொண்டு. சாப்பிடாமல். இவள் தூங்கினாள். போர்த்திவிட்டாள். ஊட்டினாள். யாருக்கு?

கதவுக்கு அப்பால், மூச்சுக்குள்ளேயே, கேட்டதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்கு,

"வாங்க."

பயம்.

அவள் எழுந்தாள்.

எழ முடியவில்லை. கைகளுக்குள் இருந்த கை மூடிக்கொண்டது. வலது கை. விரல் விரலாக, அவசரமில்லாமல், அவள் மணிக்கட்டைச் சுற்றி மூடிக்கொண்டது.

கரண்ட் வந்தது. வெளி வராந்தா விளக்கும் எரிந்தது. கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி, மழைநீர் உள்ளே வருகிறது என்று எத்தனையோ நாளாக அடைக்க நினைத்தது. அதில் இரண்டு பாதங்களின் விரல்கள் தெரிந்தன. இடது கால் நேராக. வலது கால் உள்பக்கம் திரும்பி. நனைந்து வெளுத்த கட்டைவிரலில், பாதி பெயர்ந்து, அவள் ஒட்டிய பிளாஸ்டர்.

அந்தக் கால்களைச் சுற்றிலும் வேறு கால் ஒன்றும் இல்லை. இத்தனை தடம் இருந்ததே. ஏறி வந்தவர்கள் எங்கே?

திரும்பிப் பார்க்கவில்லை. வீடு முழுக்கக் கம்பளி வாசனை. பின்னால், கட்டிலுக்கு அந்தப் பக்கம், அடுக்களையில், பீரோ ஓரத்தில், யாரோ ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார்கள்.

கட்டிலில் இருந்தது எச்சில் விழுங்கியது. கலையரசனின் வாயால், தெளிவாக, கதவைப் பார்த்து அன்பாகத்தான் சொன்னது.

"ஹவ்ரே."

பிளாஸ்டர் ஒட்டிய விரல் நடுங்கியது. மெல்லத் திரும்பியது.

"என்னங்க!" என்று கத்தினாள்.

கால்கள் நின்றன.

நின்றுகொண்டே இருந்தன. இதற்குமேல் ஒரு சொல் வேண்டும். அவன் வாழ்நாளெல்லாம் வாசலில் நின்று ஊருக்கே சொன்ன சொல். அது ஒன்றுதான் வேண்டும். அதைச் சொன்னால் வந்துவிடுவான், தாழ்ப்பாள் இருந்தாலும் வந்துவிடுவான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வாயைத் திறந்தாள். நாக்கு அந்தச் சொல்லை எடுக்கப் போயிற்று.

இடம் இருந்தது. சொல் இல்லை.

மணிக்கட்டில் பிடி இறுகியது. கதவுக்கு வெளியே அந்தக் கால்கள் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தன. பிறகு ஒன்று ஊன்றி, ஒன்றை இழுத்து, ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கத் தொடங்கின.